முதலில் பதில் சொல்ல ஆள், பிறகு கேமரா: சிறிய சபைகளுக்கு ஓர் இணைய ஊழிய வழிகாட்டி

சபைக் கமிட்டியில் ஆன்லைன் ஊழியம் என்ற பேச்சு எழுந்த மறுவாரமே கேமராவுக்குக் கொட்டேஷன் வந்துவிடுகிறது. ஒளிபரப்பைப் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் இரவு பதினொரு மணிக்கு, "எனக்காக ஜெபிப்பீர்களா?" என்று எழுதினால் அவருக்குப் பதில் எழுதப்போவது யார் என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் எவரும் எழுப்புவதில்லை. இருநூறு குடும்பங்களுக்குள் இருக்கும் ஒரு சபை, பெரிய செலவின்றி இணையத்தின் வழியே தன் ஊராரையும் வெளியூர் சென்ற தன் மக்களையும் எட்டுவதற்கான வழிகளை இக்கட்டுரை சொல்கிறது. அதற்கு முன் அந்தக் கேள்விக்குச் சபை விடை கண்டிருக்க வேண்டும்.

தமிழகத்தில் நற்செய்திப் பணி புதிய ஊடகத்தைக் கண்டு ஒதுங்கி நின்றதில்லை. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1712-இல் அங்கே அச்சு இயந்திரம் வந்தது. 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறிவிட்டது. சிற்றலை வானொலிக் காலத்தில் மணிலாவிலிருந்து ஒலித்த கத்தோலிக்க வானொலியான வேரித்தாஸின் தமிழ்ப்பணியைக் கேட்டவர்கள் நேயர் மன்றம் அமைத்துக் கடிதம் எழுதினார்கள். அக்காலக் கிறிஸ்தவ வானொலி நிகழ்ச்சிகள் முகவரியைச் சொல்லி முடிவதும், வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதவும் அஞ்சல்வழி வேதபாடம் அனுப்பவும் ஆட்கள் அமர்ந்திருப்பதும் வழக்கமாக இருந்தன. இன்று ஒலிபரப்புவது எளிதாகிவிட்டது. பதில் எழுதும் மேசைதான் பல சபைகளில் காலியாகக் கிடக்கிறது.

பதில் சொல்லும் குழு

சபைக்கென்று தனியாக ஒரு சிம் கார்டு வாங்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை நிறுவுவது முதல் வேலை. போதகரின் சொந்த எண்ணைத் திரையில் போடுவது வசதியாகத் தோன்றும். ஆனால் அவர் மாற்றலாகிப் போகும்போது அந்தத் தொடர்புகள் எல்லாம் அவருடனேயே போய்விடும். நான்கு அல்லது ஐந்து பேரைத் தேர்ந்து வாரமுறை வைத்துக்கொள்ளலாம். அவர்களில் குறைந்தது இருவராவது பெண்களாக இருப்பது அவசியம், ஏனெனில் வரும் செய்திகளில் வீட்டுத் துன்பத்தைச் சொல்லும் பெண்களின் குரல் நிறையவே இருக்கும். அவர்களுக்கு ஓர் ஆண் இரவு நேரத்தில் பதில் எழுதுவது இரு தரப்புக்கும் நல்லதல்ல.

முதல் பதில் சுருக்கமாக இருக்கட்டும்: "உங்கள் செய்தியைப் பார்த்தோம். உங்களுக்காக இன்று ஜெபிக்கிறோம். எங்கள் சபையிலிருந்து ஒரு சகோதரி உங்களோடு பேசலாமா? நீங்கள் விரும்பினால் மட்டும், உங்களுக்கு வசதியான நேரத்தில்." வசனங்களை வரிசையாக அனுப்புவதும், அடுத்த நிமிடமே அழைப்பதும், எந்த ஊர், என்ன சாதி, எந்த மதம் என்று விசாரிப்பதும் வேண்டாம். வாழவே விருப்பமில்லை என்ற தொனி தெரிந்தால் ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-ஐக் கொடுத்து, போதகருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். குடும்ப வன்முறைக்கு 181, குழந்தைகள் தொடர்பான ஆபத்துக்கு 1098 ஆகிய எண்களை அந்தக் கைபேசியின் உறையிலேயே எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

ஒலியைச் சரிசெய்தல்

படம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு தெளிவாகக் கேட்காவிட்டால் அரை நிமிடத்தில் போய்விடுவார். ஆலயத்தின் நடுவில் ஸ்டாண்டில் நிறுத்திய கைபேசி, பிரசங்கியாரின் குரலைவிடத் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியையும் பின்வரிசைக் குழந்தையின் அழுகையையும்தான் நன்றாகப் பதிவுசெய்யும். உயரமான கூரையில் மோதித் திரும்பும் எதிரொலி மீதியைக் கெடுக்கும். எனவே ஒலியை மைக்செட்டின் மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுக்க வேண்டும். பெரும்பாலான மிக்ஸர்களில் ஆக்ஸ் அவுட் அல்லது ரெக் அவுட் என்று ஒரு துளை இருக்கும். அங்கிருந்து வரும் ஒலி கைபேசியின் மைக் உள்ளீட்டுக்கு மிகவும் பலமானது. நேராகச் செருகினால் குரல் கரகரவென்று உடைந்து கேட்கும். விலை குறைந்த யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை இடையில் வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். தொடர்ந்து ஓர் உறுமல் சத்தம் கேட்டால், மிக்ஸருக்கும் சார்ஜருக்கும் இடையில் எர்த் சுற்றிவருகிறது என்று பொருள். சார்ஜரைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆக்ஸ் வழியாக எடுப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. ஆலயத்துக்குள் கீபோர்டும் பாடகர் குழுவும் ஸ்பீக்கர் இல்லாமலே ஓரளவு கேட்பதால், மிக்ஸரை இயக்குபவர் அவற்றைக் குறைத்து வைத்திருப்பார். வீட்டிலிருந்து கேட்பவருக்கோ பிரசங்கம் மட்டும் பலமாகவும் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலவும் கேட்கும். ஆக்ஸில் தனி அளவு வைக்க முடியும் என்பதால், ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இணையத்துக்குப் போகும் ஒலியை மட்டும் கவனிப்பது நல்லது.

நேரலையா, பதிவா?

ஒன்றரை மணி நேர ஆராதனையை நொடிக்கு 3 மெகாபிட் வேகத்தில், அதாவது 720பி தரத்தில் நேரலை செய்தால் ஏறக்குறைய 2 ஜிபி டேட்டா செலவாகும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் சிம்மை நம்பித் தொடங்கினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுப் பின்னர், பெரும்பாலும் பிரசங்கத்தின் நடுவில், ஒளிபரப்பு முடங்கும். ஆலயத்தில் ஃபைபர் இணைப்பு இல்லையென்றால், ஞாயிறு காலை அதே நேரத்தில் அதே இடத்திலிருந்து அப்லோடு வேகத்தைச் சில வாரங்கள் சோதித்துப் பார்த்த பிறகே நேரலையைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். மக்கள் நிறைந்திருக்கும் ஞாயிறு ஒன்பது மணிக்குக் கிடைக்கும் வேகம், காலியான ஆலயத்தில் புதன்கிழமை மாலை கிடைத்த வேகமாக இராது.

நேரலை தேவையா என்பதையே சில சபைகள் மறுபடியும் யோசிக்கலாம் என்பது என் கருத்து. படுக்கையில் இருக்கும் முதியவருக்கும், துபாயிலோ திருப்பூரிலோ ஷிப்டில் இருக்கும் மகனுக்கும் ஆராதனை முழுவதும் நேரலையாக வேண்டியிருக்கலாம். அது உள்வட்டத்துக்கான பணி. சபைக்கு வெளியே இருப்பவர் அறிவிப்புகளையும் ஓலை வாசிப்பையும் (திருமண அறிவிப்பு) காணிக்கைப் பாட்டையும் கடந்து பிரசங்கத்துக்கு வந்து சேரமாட்டார். அவருக்கு இருபது நிமிடச் செய்தியைத் தனியாக வெட்டி எடுத்து, வேறொரு தலைப்பில் ஏற்ற வேண்டும். "ஞாயிறு ஆராதனை" என்று தேதியோடு தலைப்பிட்டால் சபையார் மட்டுமே திறப்பார்கள், "மகன் குடியை விட மறுக்கும்போது பெற்றோர் என்ன செய்வது?" என்று தலைப்பிட்டால், அந்தக் கேள்வியோடு தவிக்கும் ஒருவர் தேடி வருவார். அந்தத் தலைப்புக்குரிய விடை செய்திக்குள் உண்மையிலேயே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இருபத்தைந்து நிமிடப் பிரசங்கத்தை ஒலியாக மட்டும், 64 கேபிபிஎஸ் மோனோவில் சேமித்தால் சுமார் 12 எம்பி வரும். அதே நேர வீடியோ 560 எம்பியைத் தொடும். பழைய கைபேசி வைத்திருக்கும் தாய்மாருக்கும், பேருந்தில் வேலைக்குப் போகிறவருக்கும் ஒலிக்கோப்பே வசதி. கேமராவே வாங்காமல் ஆறு மாதம் ஒலிப்பதிவோடு மட்டும் நடத்தும் சபை எதையும் இழந்துவிடாது.

யூடியூபில் நேரலை வசதியைப் பெற முதலில் தொலைபேசி எண்ணைச் சரிபார்க்க வேண்டும். அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் கிறிஸ்மஸ் காலையில் இதைத் தொடங்கக் கூடாது. கைபேசிச் செயலியிலிருந்து நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் தேவை. கணினியில் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் வழியாகச் செய்தால் அந்த நிபந்தனை இல்லை. பாடல் வரிகளைத் திரையில் காட்ட ஓபிஎஸ் உதவும். பழைய பாடல் ஸ்லைடுகள் பாமினி அல்லது வானவில் எழுத்துருவில் இருக்குமானால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். வேறு கணினியில் திறக்கும்போது கீர்த்தனை முழுவதும் புரியாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும் அவலம் நேராது. விளக்கக் குறிப்பில் பிரசங்கச் சுருக்கத்தைப் பத்து வரியில் யூனிகோடில் எழுதினால், காது கேளாதவர் படிப்பார்; கூகுள் தேடலிலும் அது அகப்படும்.

பாட்டுக்கு உரிமை

ஆராதனையில் பாடுவதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உரிமை மீறலாகக் கொள்வதில்லை. அந்த விலக்கு, பாடலைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றுவதற்கும் நீளும் என்று எண்ணிவிடக் கூடாது. யூடியூபின் தானியங்கிச் சோதனை சட்டப் பிரிவுகளைப் பார்ப்பதில்லை; வெளியான ஆல்பத்தின் கரோக்கி டிராக்கை ஒலிக்கவிட்டுப் பாடினால் உரிமைக் கோரல் வரும், சில வேளைகளில் நேரலையே நின்றுவிடும். கோரல் வேறு, உரிமை மீறலுக்கு யூடியூப் விதிக்கும் எச்சரிக்கையான ஸ்ட்ரைக் வேறு. கோரலால் சானலுக்கு ஆபத்தில்லை, ஆனால் 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சானலே நீக்கப்படலாம். பாதுகாப்பான வழி பழைய கீர்த்தனைகளைச் சொந்த வாத்தியத்தோடு பாடுவதுதான். இந்தியாவில் பாடலாசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தபின் பாடல் வரி பொதுச் சொத்தாகிவிடும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1864-இலேயே மறைந்தவர் என்பதால் அவருடைய கீர்த்தனைகளுக்கு எவரும் உரிமை கோர முடியாது. இன்று வாழும் ஊழியர்களின் பாடலென்றால், ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்வதே முறை.

வாட்ஸ்அப்பும் வரைபடமும்

வாட்ஸ்அப் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். புதிதாக வந்த ஒரு பெண்ணை முந்நூறு பேர் கொண்ட குழுவில் சேர்த்த அன்றிரவே அறிமுகமில்லாத ஒருவரிடமிருந்து "பிரைஸ் தி லார்ட் சிஸ்டர்" என்று செய்தி வந்தால், அவர் சபைக்கே வராமல் நின்றுவிடுவார். ஆகவே பொதுச் செய்திகளுக்குக் குழுவைவிட வாட்ஸ்அப் சேனல் ஏற்றது. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த இந்த வசதியில் பின்தொடர்வோர் எண் பிறருக்குத் தெரியாது. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் சபையின் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச்சேரும். குழு வேண்டுமென்றால் வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கியச் சங்கம், பாடகர் குழு எனச் சிறியதாக, ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருக்கட்டும்.

ஜெபக்குறிப்புகளில் தனிக்கவனம் வேண்டும். "கீழத்தெரு இன்னாருடைய மகள் கணவனைவிட்டு வந்திருக்கிறாள், பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று குழுவில் எழுதினால் அது மாலைக்குள் ஊர் முழுவதும் பரவிவிடும். "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்று எழுதினால் போதும். பெயரும் விவரமும் ஜெபக்குழுவின் நான்கைந்து பேரோடு நிற்க வேண்டும். மருத்துவ அறிக்கைகளை யார் அனுப்பினாலும் முன்னனுப்பக் கூடாது.

போதகரின் புகைப்படத்தை வைத்து வேறு எண்ணிலிருந்து பணம் கேட்கும் மோசடி இப்போது சாதாரணமாகிவிட்டது. சபையின் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்ற ஆறிலக்க எண்ணை அமைத்துவிட்டு, "எங்கள் போதகர் வாட்ஸ்அப்பில் ஒருபோதும் பணம் கேட்கமாட்டார்" என்று மாதம் ஒருமுறை ஆராதனையிலேயே அறிவித்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட மலிவானதும் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் கூகுள் மேப்ஸ் பதிவுதான். தென்மாவட்டங்களிலிருந்து திருப்பூருக்கும் சென்னைப் புறநகருக்கும் குடிபெயர்ந்த குடும்பம், புது ஊரில் முதல் ஞாயிற்றுக்கு முன் தேடுவது பக்கத்தில் எந்த ஆலயம், எத்தனை மணிக்கு என்பதைத்தான். ஆராதனை நேரம், மொழி, பேருந்து நிறுத்தம், தெருவிலிருந்து தெரியும் வாசலின் படம் ஆகியவை சரியாக இருக்க வேண்டும். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்கும் டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கும் நேரத்தைத் தனியே மாற்றிப் பதிய வேண்டும்.

எதைப் பதிவேற்றக் கூடாது

இந்திய அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த உரிமையின் மேல் நிற்கும் சபை பிற சமயத் தெய்வங்களையோ வழிபாட்டையோ இழித்துப் பேசத் தேவையில்லை. ஆலயத்துக்குள் நூறு பேரிடம் சொன்ன ஒரு கேலி வரி, முப்பது நொடித் துண்டாக வெட்டப்பட்டு ஊரெங்கும் சுற்றும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவில் வழக்கும் வரலாம். சட்டத்துக்கு அப்பாலும், அண்டை வீட்டாரின் மனத்தைப் புண்படுத்திவிட்டு அவரிடமே நற்செய்தி சொல்லப் போக முடியாது.

சுகம் பெற்ற சாட்சிகளில் "மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்ற வாக்கியம் வந்தால் அதை வெட்டிவிட வேண்டும். அதைக் கேட்டு ஒரு சர்க்கரை நோயாளி இன்சுலினை விட்டுவிடக்கூடும். நிவாரணப் பொட்டலம் வாங்குவோரின் முகத்தைப் படமெடுத்துப் போடுவது அவர்களுக்கு அவமானம். உதவியைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் நாமே சான்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஞானஸ்நானக் காட்சியை எந்தக் காரணத்துக்காகவும் பொதுவெளியில் ஏற்ற வேண்டாம். அந்த ஒருவருடைய குடும்பம், வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று எதையெல்லாம் அந்தப் படம் தொடும் என்பதை அதை எடுத்தவர் அறியமாட்டார்.

விடுமுறை வேதாகமப் பள்ளியின் படங்களைப் போடும் ஆர்வம் எல்லாச் சபையிலும் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தையாகவே கொள்கிறது. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் ஒப்புதலுக்கு ஒரு வரியும் கையொப்பத்துக்கு இடமும் சேர்த்துவிடுங்கள். பிற சமயக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளின் படத்தைக் கேட்காமல் போடவே கூடாது. பெயரும் பள்ளிச் சீருடையும் தெரியாதவாறு, தூரத்திலிருந்து எடுத்த கூட்டப்படமே போதுமானது.

காணிக்கை

நேரலையில் க்யூஆர் குறியீட்டைக் காட்டுவதானால் அது சபையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்காக மட்டுமே இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் வளைகுடாவிலிருந்து தம் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவருடைய தம்பி கனடாக் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓசிஐ என்ற வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை இருந்தாலும், அவர் அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்புதான். எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு இல்லாத சபை அதில் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. பதிவுள்ள அமைப்பும் புதுடெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அதைப் பெற வேண்டும். எனவே க்யூஆரின் கீழே "இந்தியக் குடிமக்களிடமிருந்து மட்டும்" என்று ஒரு வரி எழுதிவிடுவது பொருளாளரின் தூக்கத்துக்கு நல்லது. முதல்முறை பார்ப்பவரின் கண்ணில் க்யூஆர் குறியீடு எந்நேரமும் படவேண்டுமா என்பதையும் கமிட்டி பேசி முடிவுசெய்யட்டும். வெட்டி ஏற்றும் செய்தித் துண்டுகளில் அது இல்லாமலிருப்பதே அழகு.

சாவி யாரிடம்

பல சானல்கள் நின்றுபோவதற்குக் காரணம் ஆர்வக்குறைவு அல்ல. கணக்கைத் தொடங்கிய வாலிபர் வேலை கிடைத்து வெளிநாடு போயிருப்பார். கடவுச்சொல் அவருடைய பழைய சிம்முக்கு வரும் ஓடிபியில் மாட்டிக்கொண்டிருக்கும். ஆகையால் சபையின் பெயரில் ஒரு கூகுள் கணக்கைத் தொடங்கி, அதற்குச் சபையின் சிம்மையே மீட்பு எண்ணாகக் கொடுத்து, யூடியூபில் வேலை செய்யும் வாலிபர்களுக்கு அவரவர் சொந்த மின்னஞ்சல் வழியாக மேலாளர் அல்லது எடிட்டர் அனுமதி மட்டும் வழங்க வேண்டும். கடவுச்சொல்லையும் மாற்றுக் குறியீடுகளையும் தாளில் எழுதி, ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் இருக்கும் இரும்புப் பெட்டியிலேயே உறையிட்டு வைக்கலாம். போதகர் மாற்றலாகும்போது பதிவேடுகளைக் கையளிக்கும் பட்டியலில் அந்த உறையும் ஒரு வரியாக இடம்பெறட்டும். புதிய போதகர் பொறுப்பேற்ற வாரமே கடவுச்சொல்லை மாற்றி, சிம் கார்டு ரீசார்ஜ் தேதியைப் பொருளாளரின் நாட்காட்டியில் குறிக்கச் செய்ய வேண்டும்.